சர்க்கரையைக் கொடுத்து வாங்கும் மணிச்சத்து

ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தில், செம்மண்ணையும் கரிசல் மண்ணையும் தொட்டிகளில் நிரப்பி, மணிச்சத்து உரம் எதுவும் இடாமல், சோளம், சோயா, துவரை உள்ளிட்ட பயிர்களை விதைத்துப் பார்த்தார்கள். கரிசலில் எல்லாம் ஓரளவு தேறின. செம்மண்ணில் மற்றவை தலையெடுக்க முடியாமல் தவித்தபோது துவரை மட்டும் வளர்ந்து நின்றது. 1990ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் நொரிஹாரு ஏ என்ற ஜப்பானிய மண்ணியலாளரும் அவருடைய குழுவினரும் இதற்கான விளக்கத்தை வெளியிட்டார்கள். அந்தக் கரிசலில் பாஸ்பரஸ் பெரும்பாலும் சுண்ணாம்போடு சேர்ந்திருக்கிறது. செம்மண்ணிலோ இரும்போடு இறுகக் கிடக்கிறது. துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்றொரு பொருளைக் கசியவிடுகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்பின் பிடியில் இருந்த பாஸ்பேட் விடுபடுகிறது. மானாவாரிச் செம்மண் காடுகளில் தானியத்தோடு துவரையைச் சேர்த்து விதைக்கும் பழைய வழக்கத்துக்குத் தழைச்சத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு என்பது அதனால் தெரியவந்தது.

பிசிடிக் அமிலம் கார்பனால் கட்டப்பட்ட மூலக்கூறு. அந்தக் கார்பன் இலையில் ஒளிச்சேர்க்கை நடந்து சேர்ந்த சர்க்கரையிலிருந்து வருகிறது. தண்டாகவும் காயாகவும் மாறியிருக்கக்கூடிய சர்க்கரையை அமிலமாக்கி மண்ணில் கொட்டுகிறது துவரை. பாஸ்பரஸ் பற்றாக்குறையில் தாவரங்கள் தம் வளர்சிதை மாற்றத்தைத் திருத்திக்கொள்ளும் விதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் தென்படுகிறது. கார்பனையோ ஆற்றலையோ விட்டுக்கொடுத்து, பாஸ்பரஸை மிச்சப்படுத்துகின்றன, அல்லது மண்ணிலிருந்து பெறுகின்றன. குறைந்த உரத்தில் விளையும் ரகங்களை உருவாக்க வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறோம். அந்தப் பேச்சில் இந்த விலை அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

உழவர்கள் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸுக்கு உயிரணுவின் பல இடங்களில் மாற்றே கிடையாது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் உள்ளன. ஒளிச்சேர்க்கையிலும் சுவாசத்திலும் சர்க்கரை பெரும்பாலும் பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டுதான் வினைகளுக்குள் நுழைகிறது. செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வின் கொழுப்பிலும் பாஸ்பேட் இருக்கிறது. இவ்வளவு தேவைப்படும் ஒன்று மண்ணின் ஈரத்தில் கரைந்து கிடைப்பதோ மிகச் சொற்பம். பெரும்பாலான மண்களில் அந்த நீரிலுள்ள பாஸ்பேட்டின் அடர்த்தி 10 மைக்ரோமோலாருக்கும் கீழே. செடியின் திசுக்களில் அது ஆயிரம் மடங்கு அளவில் கூடுதலாக இருக்க வேண்டும். நைட்ரேட் தண்ணீரோடு ஓடிவந்து வேரைச் சேரும். பாஸ்பேட் நகரவே தயங்கும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும், அங்கே வறண்ட வளையம் ஒன்று விழுந்துவிடுகிறது. உரமாக இடுவதிலும் பெரும்பகுதி, புளிப்பு மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் சேர்ந்து இறுகிவிடுகிறது. இட்ட பருவத்திலேயே பயிர் எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்குதான்.

பற்றாக்குறை தொடங்கியதும் இலை உடனே வெளிறிவிடாது. முதலில் செல்லின் நடுவே உள்ள நுண்குமிழியில் சேமித்து வைத்த பாஸ்பேட் வெளியே எடுக்கப்படுகிறது. அதுவும் குறையும்போது, நாற்றங்காலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது முரண்பாடான காட்சி: குட்டையான பயிர், ஆனால் வழக்கத்தைவிடக் கரும்பச்சை இலை. இலை விரியும் வேகம் பச்சையம் உருவாகும் வேகத்தைவிட அதிகமாகக் குறைந்துவிட்டதால், இருக்கும் பச்சையம் சிறிய பரப்பில் நெருங்கிக் கிடக்கிறது. மக்காச்சோளத்தில் கொஞ்ச நாளில் இலை விளிம்பும் தண்டின் அடியும் ஊதாவாகின்றன. ஆந்தோசயனின் என்ற நிறமி அது. பயன்படுத்த வழியில்லாத சர்க்கரை இலையில் தேங்குவதும், பாஸ்பேட் குறைந்ததை உணர்ந்து செயல்படும் மரபணுக்களும் சேர்ந்து அந்த நிறமியைக் கூட்டுகின்றன. இலையால் கையாள முடியாத வெளிச்சத்தை அது ஓரளவு தடுத்து நிறுத்துகிறது.

சர்க்கரை ஏன் தேங்க வேண்டும்? பசுங்கணிகம் தான் தயாரித்த மூன்று கார்பன் சர்க்கரையைப் பாஸ்பேட்டோடு சேர்த்துத்தான் வெளியே அனுப்புகிறது. ஒரு மூலக்கூறு வெளியே போனால் ஒரு பாஸ்பேட் உள்ளே வந்தாக வேண்டும் என்பது அங்கே கறாரான விதி. வெளியே பாஸ்பேட் இல்லையென்றால் ஏற்றுமதி மந்தமாகிறது. சர்க்கரை உள்ளேயே மாவுச்சத்தாக அடைகிறது. அப்படி அடையும்போது அதிலிருந்த பாஸ்பேட் கழன்று மீண்டும் வேலைக்கு வருகிறது. ஆகவே மாவுச்சத்துச் சேமிப்பு என்பது இங்கே பாஸ்பேட்டை மீட்கும் உபாயமும்கூட. பஞ்சம் கடுமையாகும்வரை ஒளிச்சேர்க்கை ஏதோ ஒருவகையில் ஓடுகிறது. வளர்ச்சி நின்றுவிட்ட தண்டுக்குத் தேவைப்படாத சர்க்கரையின் ஒரு பகுதி வேருக்கு இறங்குகிறது. வேர் நீள்கிறது, பக்கவேர்கள் பெருகுகின்றன, வேர்த்தூவிகள் அடர்கின்றன. சுக்ரோஸ் வெறும் உணவாக மட்டும் போவதில்லை; பாஸ்பேட் தட்டுப்பாடு என்ற செய்தியை வேரில் வலுப்படுத்தும் குறிப்பாகவும் அது வேலை செய்கிறது.

செல்லுக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. சர்க்கரையைப் படிப்படியாக உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் பாதையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதில் சில படிகளுக்கு ஏ.டி.பி. வேண்டும், சிலவற்றுக்கு இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட அதன் வடிவமோ (ADP) தனிப் பாஸ்பேட்டோ வேண்டும். பஞ்சத்தில் இவை மூன்றும் சரிந்துவிடுகின்றன. விலங்குச் செல் என்றால் அத்தோடு திணறிப்போகும். கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிளாக்ஸ்டனின் குழு, பாஸ்பேட் இல்லாத ஊடகத்தில் கருங்கடுகுச் செல்களை வளர்த்து, தாவரம் இந்த இடத்தில் மாற்றுப்பாதை வைத்திருப்பதை 1989இல் காட்டியது. செல்லில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் பல்சர்க்கரைகளும் உருவாகும்போது பைரோபாஸ்பேட் என்றொரு உபபொருள் விழுகிறது. ஏ.டி.பி. பெருமளவு சரிந்த பின்னும் இதன் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. எனவே ஏ.டி.பி.யைச் செலவிடும் நொதிக்குப் பதிலாக, பைரோபாஸ்பேட்டை வைத்து அதே வேலையைச் செய்யும் நொதி இங்கே கைகொடுக்கிறது. அடுத்து, பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டு ஏ.டி.பி. உண்டாக்கும் இரண்டு படிகள் வருகின்றன. அவற்றைத் தாண்டிக் குதிக்க இன்னொரு நொதி இருக்கிறது. குதித்தால் பாஸ்பேட் தேவையில்லை, ஆனால் அந்த இடத்தில் கிடைத்திருக்க வேண்டிய ஏ.டி.பி. போய்விடும். கடைசிப் படியில் பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி வேறு வழியாக மாலிக் அமிலத்தை நோக்கித் திருப்பிவிட, பிணைந்திருந்த பாஸ்பேட் விடுதலையாகிறது. இழைமணிக்குள்ளும் இதே கதைதான். வழக்கமான எலக்ட்ரான் பாதை பாஸ்பேட் இல்லாமல் முடங்கும்போது, மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி எலக்ட்ரான்களை நேரே ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. அதனால் சுவாசம் தொடர்கிறது, தேங்கிய எலக்ட்ரான்களால் வரும் கேடும் தவிர்க்கப்படுகிறது. ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும், ஒரு சர்க்கரைக்குக் கிடைக்கும் பலன் குறைந்தாலும் ஓட்டம் நிற்காமல் இருக்கிறது. நகர்ந்து வேறு இடம் போக முடியாத ஓர் உயிருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

சவ்வுகளில் நடக்கும் மாற்றம் இன்னும் துணிச்சலானது. செல்லின் உள்ளே கரிமச் சேர்மங்களில் இருக்கும் பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சவ்வுக் கொழுப்பில் இருக்கிறது. பஞ்சம் வந்ததும் சில நொதிகள் அந்தப் பாஸ்போ-கொழுப்பின் தலைப்பகுதியை வெட்டிப் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய கொழுப்பு உடலில் இரண்டு காலக்டோஸ் சர்க்கரைகள் ஏறுகின்றன. பசுங்கணிகத்தினுள் கந்தகம் கொண்ட சர்க்கரை ஏறுகிறது. கந்தகக் கொழுப்புக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. பசுங்கணிகச் சவ்வில் அதே மின்னூட்டத்துடன் இருந்த பாஸ்போ-கொழுப்பின் இடத்தில் அது பொருந்திக்கொள்கிறது. கிறிஸ்டோஃப் பென்னிங்கும் அவருடைய சகாக்களும் முதலில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவிலும், பின்னர் அராபிடாப்ஸிஸ் என்ற ஆய்வுச் செடியிலும் இதைத் தெளிவுபடுத்தினார்கள். கந்தகக் கொழுப்பைச் செய்ய முடியாதபடி மரபணு கெட்டுப்போன அராபிடாப்ஸிஸ், நல்ல மண்ணில் வித்தியாசம் தெரியாமல் வளர்கிறது; பாஸ்பேட்டைக் குறைத்தால் பின்தங்கிவிடுகிறது. வழக்கமாகப் பசுங்கணிகத்தில் காணப்படும் இரண்டு காலக்டோஸ் கொண்ட கொழுப்பு செல்லின் புறச்சவ்வுக்கே போய்ச் சேர்வதை ஓட்ஸ் செடியின் வேரில் கண்டார்கள். இதே உத்தியைக் கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் கையாளுகின்றன. பாஸ்பேட் மிகக் குறைந்த சர்காசோ கடல் நீரில் அவை கந்தகக் கொழுப்பால் தம் சவ்வை அமைத்துக்கொள்வது 2009இல் வெளியானது. நிலத்தில் செடி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தீர்வு உயிர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

சவ்வைவிடவும் அதிகப் பாஸ்பரஸ் அடைந்து கிடக்கும் இடம் ஆர்.என்.ஏ. அதிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் ஆர்.என்.ஏ. அதற்கு மாற்றுப் பொருள் எதுவும் இல்லை. குறைத்துக்கொள்ள மட்டுமே முடியும். பஞ்சத்தில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் தூண்டப்பட்டு, பழைய இலைகளின் பாஸ்பேட் இளம் இலைகளுக்குப் போகிறது. ரைபோசோம் குறைந்தால் புரதம் குறையும், வளர்ச்சி மெதுவாகும். இதை நிரந்தர வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்ட செடிகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கின்றன. உலகின் மிக ஏழ்மையான மண்களில் அங்குள்ள மணல் திட்டுகளும் அடங்கும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் லாம்பர்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஹாக்கியா, பாங்சியா போன்ற புரோட்டியேசிக் குடும்பத் தாவரங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள். இவற்றின் இளந்தளிரில் பச்சையம் மிகக் குறைவு. தளிர் முதலில் விரிந்து வளர்கிறது. அந்தக் கட்டம் முடிந்த பிறகுதான் பசுங்கணிகங்களை அமைக்கிறது. வளர்ச்சிக்கான ரைபோசோம்களும் ஒளிச்சேர்க்கைக்கான ரைபோசோம்களும் ஒரே நேரத்தில் தேவைப்படாமல் பார்த்துக்கொள்கிறது. முதிரும்போது பாஸ்போ-கொழுப்பின் பெரும்பகுதியும் காலக்டோஸ், கந்தகக் கொழுப்புகளாக மாறிவிடுகிறது. இப்படியெல்லாம் செய்துவிட்டு, மிகக் குறைந்த பாஸ்பரஸை வைத்துக்கொண்டு, பயிர்களுக்கு இணையான வேகத்தில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹாக்கியாவுக்குப் பாஸ்பேட் உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. நாம் சாதாரணமாகத் தோட்டத்துக்கு இடும் உர அளவு அதற்கு நஞ்சு.

இந்தக் குடும்பத்தின் வேரில் பாட்டில் கழுவும் தூரிகையைப் போல நெருக்கமான சிறு வேர்களின் கொத்துகள் தோன்றுகின்றன. 1960இல் ஹெலன் பர்னெல் அவற்றை விவரித்துப் பெயரிட்டார். மத்தியதரைக் கடல் பகுதியின் வெள்ளை லூப்பின் என்ற பயறு வகைச் செடியிலும் அதே அமைப்பு உண்டு. அது ஆய்வகத்தில் வளர்க்க எளிது என்பதால் அதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். கொத்தில் உள்ள ஒவ்வொரு சிறு வேரும் குறிப்பிட்ட நீளம் வந்ததும் வளர்வதை நிறுத்திவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று நாள்களுக்குள் சிட்ரிக் அமிலத்தைப் பொழிந்து தீர்க்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டை விரும்பி உண்பவை; விட்டுவைத்தால் பாஸ்பேட்டை விடுவிக்கும் முன்னரே தின்றுவிடும். ஆகவே லூப்பின் முன்கூட்டியே ஐசோஃபிளவனாய்டுகளையும், பூஞ்சைச் சுவரைக் கரைக்கும் நொதிகளையும் வெளியிட்டு, சுற்றுப்புற மண்ணைப் புளிப்பாக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சிட்ரேட்டைக் கொட்டுகிறது. ஜெர்மனியில் டிங்கலாக்கர், ரோம்ஹெல்ட், மார்ஷ்னர் ஆகிய மூவரும் சுண்ணாம்பு மண்ணில் லூப்பினை வளர்த்தபோது, வேர்க்கொத்தைச் சுற்றிக் கால்சியம் சிட்ரேட் படிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வெளியான சிட்ரிக் அமிலம் அந்தச் செடியின் மொத்த உலர் எடையில் ஏறத்தாழ 23 சதவீதம் என்று 1989இல் அவர்கள் எழுதினார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு!

இந்தச் சிட்ரேட்டின் கார்பன் முழுவதும் இலையிலிருந்து வருவதில்லை. மின்னசோட்டாவில் கரோல் வான்ஸ் குழு, வேர் இருட்டிலேயே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதையும், கசியும் கார்பனில் கணிசமான பங்கு இப்படிக் கிடைப்பதையும் காட்டியது. பிடித்துக்கொள்ளும் நொதி எது என்று பார்த்தால், கருங்கடுகுச் செல்லில் பாஸ்பேட்டை விடுவித்த அதே பெப் கார்பாக்சிலேஸ். உள்ளே பாஸ்பேட்டை மிச்சப்படுத்தும் மாற்றுப்பாதையின் விளைபொருளே வெளியே பாஸ்பேட்டைக் கரைக்கும் அமிலமாகிறது. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிக அழகாகத் தோன்றும் இணைப்பு இதுதான்.

பெரும்பாலான தாவரங்கள் கொத்துவேர் வளர்ப்பதில்லை, வேர்ப்பூஞ்சையை நம்புகின்றன. பூஞ்சை இழை வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் சென்று பாஸ்பேட்டைக் கொண்டுவருகிறது. அதற்கு ஈடாகச் செடி தான் தயாரிக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கிறது. பாஸ்பேட் குறைந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கிறது. கோகி அகியாமாவின் குழு 2005இல் இதைக் கண்டறிந்தது. அதே பொருள் செடிக்குள் கிளைப்பதைக் கட்டுப்படுத்துவதும் 2008இல் தெரிந்தது. மணிச்சத்துக் குறைந்த நெல் தூர் கட்டாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். துரதிர்ஷ்டவசமாக இந்த அழைப்பைச் சுடுமல்லியின் விதையும் கேட்கிறது. கரும்பிலும் சோளத்திலும் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் அந்தக் களையின் விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து, ஸ்ட்ரிகோலாக்டோன் பட்டதும் முளைக்கிறது. ஆப்பிரிக்காவின் வளம் குன்றிய சோள நிலங்களில் அதன் பிடி மிகுந்திருப்பதற்கு மண்ணின் பாஸ்பரஸ் பஞ்சமும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் தொடங்கிவைக்கும் உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் அராபிடாப்ஸிஸில் பி.ஹெச்.ஆர்.1 என்ற புரதத்தை இனங்கண்டார்கள். பாஸ்பேட் போதுமான அளவு இருக்கும்போது எஸ்.பி.எக்ஸ். புரதங்கள் அதைக் கட்டிப்போட்டிருக்கும். குறைந்ததும் கட்டு அவிழும். உடனே பாஸ்பேட் உறிஞ்சும் வாயில்கள், கொழுப்பை மாற்றும் நொதிகள், மண்ணுக்குள் வெளியேறிக் கரிமப் பாஸ்பேட்டை வெட்டும் பாஸ்படேஸ்கள் எனப் பலவற்றின் மரபணுக்களும் விழித்துக்கொள்ளும். தண்டிலிருந்து வேருக்குச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று தூது போய், உறிஞ்சும் வாயில்களை அகற்றும் புரதத்தைத் தடுத்துவிடும்.

பயிர் இரகங்களில் இந்தத் திறன்கள் என்னவாயின? நெல் விடை தருகிறது. கசலத் என்ற இந்திய நாட்டு நெல், பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் மற்ற ரகங்களைவிட நன்றாக வளர்வதை மத்தியாஸ் விசுவா 1990களின் பிற்பகுதியில் கவனித்து, 12ஆம் குரோமோசோமில் அதற்கான பகுதியை அடையாளம் கண்டார். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிக்ரிட் ஹோயரின் குழு அதிலிருந்த மரபணுவைப் பிரித்தெடுத்து 2012இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. இளம்பருவத்திலேயே வேரைப் பெருக்கும் பிஸ்டால்1 என்ற மரபணு அது. நெல்லின் முதல் முழு மரபணுத் தொகுதியாக வெளியான ஜப்பானிய ரகத்தில் இந்த மரபணு இல்லவே இல்லை. பரவலாகப் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 64இலும் இல்லை. ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் வயல்களில் உரம் தாராளமாக இடப்பட்டது. அங்கே தேவைப்படாத வேருக்குச் சர்க்கரை செலவிடாத பயிரே கூடுதல் மணி கொடுத்திருக்கும். அது வென்றதில் வியப்பில்லை. என் கருத்தில், தேர்வு வயல்களில் ஒரு பகுதியையாவது மணிச்சத்து இடாத வயலாக வைத்திருப்பது வளர்ப்பாளர்களின் கடமை. ஏனெனில் உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையின் உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் சுரங்கம் இருந்தாலும், இந்தியா டி.ஏ.பி. உரத்துக்கும் அதன் மூலப்பொருளுக்கும் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2008இல் பாறையின் உலக விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியதை நாம் பார்த்தாயிற்று.

ஆனால் வேர் பெருத்த ரகமோ அமிலம் சுரக்கும் ரகமோ பாஸ்பரஸை உண்டாக்குவதில்லை. மண்ணில் இறுகிக் கிடந்ததை எடுத்துக் கதிருக்கு ஏற்றுகிறது. அறுவடையோடு அது வயலைவிட்டுப் போகிறது. பல ஆண்டு உரத்தால் பாஸ்பரஸ் தேங்கிய வயல்களுக்கு இது சரியான வழி. இயல்பிலேயே வறிய மண்ணில் அது மண்ணை மேலும் சுரண்டுவதாகிவிடும். தானியத்தில் சேரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் வடிவில் இருக்கிறது. மனிதக் குடலில் அது முழுமையாகச் செரிப்பதில்லை, இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடவும் செய்கிறது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் நவோகி யமாஜியும் ஜியான் ஃபெங் மாவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. நெல் தண்டின் கணுவில், பாஸ்பேட்டைக் கதிர் பக்கம் திருப்பிவிடும் கடத்திப் புரதம் ஒன்று உண்டு. அதைச் செயலிழக்கச் செய்தபோது மணியில் பாஸ்பரஸ் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. விளைச்சலோ, விதையின் முளைப்புத் திறனோ குறையவில்லை. மணிக்குப் போகாத பாஸ்பரஸ் இலையிலும் வைக்கோலிலும் தங்கியது. வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் அதே வயலுக்குத் திரும்பும் ஊர்களில் இதன் பயன் மண்ணுக்குக் கிடைக்கும். அறுவடை இயந்திரம் போன மறுநாளே வைக்கோலைக் கட்டு கட்டி வெளியூருக்கு விற்றுவிடும் வயல்களில், கணுவில் தடுத்து நிறுத்திய பாஸ்பரஸும் லாரியிலேறிப் போய்விடும்.